ஒரு ஒளியாண்டு எத்தனை செயின்? மூணு இடத்துல மூணு விடை வருது

சென்ட்கணக்கு:

வணக்கம் மக்களே. பத்திரம் டைப் பண்ற இடத்துல வேலை பாக்குறேன். பழைய பத்திரம், பழைய புலப்படம் எல்லாம் செயின் (66 அடி), லிங்க் (அதுல நூறுல ஒரு பங்கு)னு தான் வரும், அதை மீட்டருக்கும் அடிக்கும் மாத்துறதுக்குன்னே ஒரு எக்செல் ஷீட் போட்டு வெச்சிருக்கேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, அவ அதைப் பாத்துட்டு "இதுல ஒளியாண்டு போட்டா எத்தனை செயின்னு காட்டுமாப்பா"ன்னு கேட்டா. சரி விளையாட்டா ரெண்டு வரி சேத்துடலாம்னு உக்காந்தா இப்ப அது விடமாட்டேங்குது.

விடை சரியான்னு செக் பண்ண நெட்ல தேடினேன், கெடச்சது இது:

ஒரு வெப்சைட்: 4.70290030 × 10^14 செயின்
இன்னொரு வெப்சைட்: 4.70289089 × 10^14 செயின்
மொபைல் ஆப் ஒண்ணு: 4.6997 × 10^14 செயின்

ஆப் தப்புன்னு பாத்தாலே தெரியுது. ஆனா மொதல் ரெண்டு? முதல் நாலு இலக்கம் ஒத்துப் போகுது, அதுக்கப்புறம் பிரியுது. கடைசில ரவுண்ட் பண்ணதுல வந்த வித்தியாசமா இருக்கும்னு கழிச்சுப் பாத்தேன், 94 கோடி செயின் வருது! 94 கோடி செயின் ரவுண்டிங்ல போகுமா? ரெண்டுல எது சரி, எதை நம்பி ஷீட்ல போடுறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்படியே ஏயூ (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), பார்செக் (நட்சத்திர தூரத்துக்கான அளவு) ரெண்டையும் சேக்கணும்னா எந்த மதிப்பு போடணும்னும் சொன்னா புண்ணியமா போகும்.

---

வெட்டிப்பேச்சு:

94 கோடி செயினுக்கு பட்டா யார் பேர்ல இருக்குன்னு மொதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க அண்ணே 😄

---

விண்மீன்_விசிறி:

நல்ல கேள்வி சார், சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்ல இது.

ஆப் கதையை முடிச்சுடுவோம். ஒளியாண்டுன்னா வெற்றிடத்துல ஒளி ஒரு வருஷம் போற தூரம், அப்போ வருஷத்துக்கு எத்தனை நாள்னு ஒரு கேள்வி வருதுல்ல, வானியல்ல எடுத்துக்குறது ஜூலியன் வருஷம், சரியா 365.25 நாள், நாளுக்கு 86,400 செகண்ட். உங்க ஆப் எழுதுனவர் 365 நாள்னு போட்டுட்டார். அந்த கால் நாளை விட்டா விடை 4.69968ல போய் நிக்கும், நீங்க பாத்தது அதான். அதைத் தூக்கிப் போடுங்க.

இப்ப மிச்ச ரெண்டு. ஒளியோட வேகம் 1983ல இருந்து அளக்குற விஷயமே இல்ல, வரையறை. செகண்டுக்கு 29,97,92,458 மீட்டர், புள்ளிக்கு அப்புறம் ஒண்ணும் கெடையாது. அதை 365.25 நாளோட பெருக்குனா ஒளியாண்டு 9,46,07,30,47,25,80,800 மீட்டர், இதுவும் முழு எண். ஏயூவும் அப்படித்தான், 2012ல பெய்ஜிங்ல கூடுன சர்வதேச வானியல் ஒன்றியம் 1,49,59,78,70,700 மீட்டர்னு ஆணி அடிச்சு வெச்சிடுச்சு. அதுக்கு முன்னாடி ஏயூ அளந்து கண்டுபிடிக்குற எண்ணா தான் இருந்துச்சு, ரேடார், விண்கலம் எல்லாம் வெச்சு வந்து, பரவலா புழக்கத்துல இருந்த ஒரு மதிப்பு 700க்கு பதிலா 691ன்னு முடியும். ஆக பழைய ஏயூவுக்கும் புது ஏயூவுக்கும் வித்தியாசம் 9 மீட்டர். பதினஞ்சு கோடி கிலோமீட்டர்ல 9 மீட்டர், உங்க பாஷைல சொன்னா அரை செயின் கூட வரல.

பார்செக் 2015ல இருந்து 6,48,000 ஐ பை-யால வகுத்து வர்ற அத்தனை ஏயூ. தோராயமா 2,06,264.806 ஏயூ, 3.0857 × 10^16 மீட்டர்.

அதனால மேல இருக்குற எண்ணுல சண்டையே இல்ல. வானத்து அளவு எல்லாம் கல்லு மாதிரி நிக்குது, நீங்க கீழ போட்டு வகுக்குறீங்களே அந்த செயின், அது தான் ஆடுது. செயின்னா 66 அடி சரி. எந்த அடி?

---

டல்லாஸ்_ஜிஐஎஸ்:

விண்மீன் ப்ரோ கேட்டதுக்கு பதில் நான் சொல்றேன், இது எங்க வேலைல தெனமும் உசுர வாங்குற விஷயம்.

அமெரிக்கால ரெண்டு அடி இருந்துச்சு. 1893ல ஒரு உத்தரவு போட்டு ஒரு மீட்டர் 39.37 இன்ச்னு வெச்சாங்க, அந்தக் கணக்குல ஒரு அடி 1200/3937 மீட்டர். அப்புறம் 1959ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் ஒத்துக்கிட்டு ஒரு அடி சரியா 0.3048 மீட்டர்னு மாத்துனாங்க. ஆனா அதுக்குள்ள நாடு பூரா அளந்து வெச்ச சர்வே டேட்டா பழைய அடில இருக்கு, அதையெல்லாம் யார் மாத்துறதுன்னு சர்வேக்கு மட்டும் பழசே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அதுக்குப் பேர் யூஎஸ் சர்வே ஃபூட். தற்காலிகம்னு தான் ஆரம்பிச்சாங்க, 2022 கடைசி வரைக்கும் ஓடுச்சு.

ரெண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்துல ரெண்டு பங்கு, ரெண்டு பிபிஎம். ஒரு வீட்டு மனைல இது தெரியவே தெரியாது. ஆனா இங்க மேப் கோஆர்டினேட்ல மூலப்புள்ளியே 20 லட்சம் அடி தள்ளித் தான் வெச்சிருப்பாங்க பல எடத்துல, அதுல அடி மாறிப் போச்சுன்னா பிரிட்ஜ் நாலு அடி தள்ளி நிக்கும். நீங்க இப்ப ஒளியாண்டைப் போட்டு பெருக்குனதால 94 கோடி செயின் ஆயிடுச்சு, அவ்வளவு தான்.

செக் பண்ணிக்கோங்க. 0.3048 போட்டா ஒரு செயின் 20.1168 மீட்டர், மொதல் வெப்சைட் விடை வரும். 1200/3937 போட்டா 20.11684023 மீட்டர், ரெண்டாவது வெப்சைட் விடை வரும். ரெண்டு பேரும் கணக்கு சரியாத் தான் போட்டிருக்காங்க, எந்த அடின்னு ஸ்க்ரீன்ல எழுதல, அது தான் குத்தம்.

---

சென்ட்கணக்கு:

ஆஹா. போட்டுப் பாத்தேன், ரெண்டும் அப்படியே டிட்டோ வருது! ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்.

ஆனா இன்னொரு சந்தேகம். நான் அமெரிக்கா இல்லையே, நம்மூர் செயினுக்கு எந்த அடி? அந்த 94 கோடி செயின் எவ்ளோ தூரம்னு கிலோமீட்டர்ல பாத்தேன், 1 கோடியே 89 லட்சம் கிலோமீட்டர், நிலாவுக்கு இருக்குற தூரத்த மாதிரி 49 மடங்கு. ஒரு அடில இருக்குற கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இப்படி ஊதுமான்னு ஒரே ஆச்சரியம்.

---

கல்லுக்கு_கல்:

தம்பி, சர்வே வேலைல இருந்து ரிட்டையர் ஆனவன் நான், நம்மூர் கணக்கை நான் சொல்றேன்.

நம்ம நாட்டுக்கு மூணாவதா ஒரு அடி இருக்கு, அதுக்குப் பேரே இந்தியன் ஃபூட். பழைய பெரிய சர்வே எல்லாம் நடந்தப்போ வெச்சிருந்த பத்தடி இரும்புக் கம்பி தான் அதுக்கு அடிப்படை, அதை பின்னாடி மீட்டரோட ஒப்பிட்டுப் பாத்தப்போ 0.3048ஐ விட மயிரிழை கம்மியா வந்துச்சு. மேப் சாஃப்ட்வேர்ல இப்பவும் இந்தியன் ஃபூட் 1975ன்னு ஒண்ணு இருக்கும், 0.3047995 மீட்டர். அதைப் போட்டா உனக்கு நாலாவது விடை வரும், 4.70290801 × 10^14. பாத்துக்கோ.

ஆனா இதெல்லாம் பேப்பர்ல தான். ஸ்டீல் செயின் வெயில்ல நீளும், ஒரு டிகிரி சூடு ஏறுனா பத்து லட்சத்துல பதினொண்ணரை பங்கு. அப்போ இவங்க சொல்ற ரெண்டு பிபிஎம் வித்தியாசம்ங்கிறது ஆறுல ஒரு பங்கு டிகிரி சூட்டுக்குச் சமம். காலைல எட்டு மணிக்கு இழுத்த செயினும் பதினோரு மணிக்கு இழுத்த செயினும் ஒண்ணு கெடையாது, அதுல எந்த அடின்னு சண்டை போட்டு என்ன ஆகப் போகுது. 1802ல பெரிய சர்வேயை ஆரம்பிச்ச லாம்டன் பரங்கிமலைல இருந்து பெரும்பாக்கம் பக்கமா ஏழரை மைல் பேஸ்லைன் (முக்கோணத்துக்கெல்லாம் அடிப்படைக் கோடு) அளந்தாரே, ஏப்ரல் பத்தாம் தேதி ஆரம்பிச்சு 57 நாள், மெட்ராஸ் வெயில்ல. செயினை மரப்பெட்டில கிடத்தி, மேல கூடாரம் போட்டு, பக்கத்துலயே தெர்மாமீட்டர் வெச்சு, ஒவ்வொரு தடவையும் சூட்டுக்குத் திருத்தம் போட்டுத் தான் நீளம் எழுதுனாங்க. ஏன்னா அந்த ஒரு கோடு தப்புன்னா அதுமேல கட்டுற முக்கோணம் அத்தனையும் தப்பு.

அப்புறம் கவனி, லாம்டன் இழுத்தது 66 அடி செயின் இல்ல. 100 அடி செயின், ஒவ்வொண்ணும் ரெண்டரை அடில 40 லிங்க். செயின்னு ஒரு வார்த்தைய நம்பி 66ஆல பெருக்கிடாதே, எந்த செயின்னு பாத்துட்டு பெருக்கு.

உன் வேலைக்கு இதை விடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. மெட்ரிக் வந்தப்புறம் 20 மீட்டர் செயின்னு ஒண்ணு வந்துச்சு, அதுலயும் 100 லிங்க், ஒரு லிங்க் சரியா 20 சென்டிமீட்டர். பழைய லிங்க் 20.1168 சென்டிமீட்டர். கைல புடிச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். பழைய படத்துல இருக்குற லிங்க்கை மெட்ரிக் லிங்க்னு நெனச்சு பரப்பு போட்டா ஒரு ஏக்கருக்கு ஒண்ணேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மியா அடி வாங்கும், கிட்டத்தட்ட 500 சதுர அடி. ரெண்டு பிபிஎம்க்கு தூக்கம் கெடுறவன் மொதல்ல இதைப் பாரு. பழைய லிங்க்ல கணக்கு அழகா இருக்கும், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், பத்து சதுர செயின் ஒரு ஏக்கர், வேற பெருக்கலே வேண்டாம்.

---

வெட்டிப்பேச்சு:

22 கஜம் தானே ஒரு செயின், கிரிக்கெட் பிட்ச். அப்போ சூரியனுக்குப் போக எத்தனை பிட்ச் போடணும்னு யாராவது சொல்லுங்கப்பா, ஒளியாண்டு எல்லாம் நமக்கு வேணாம்.

---

விண்மீன்_விசிறி:

@வெட்டிப்பேச்சு 743 கோடியே 64 லட்சத்து 64 ஆயிரத்து 582, சர்வதேச அடில. க்யூரேட்டர் பாவம்.

அதையே சர்வே ஃபூட்ல போட்டா கிட்டத்தட்ட 15 ஆயிரம் பிட்ச் கொறையும், அதாவது 299 கிலோமீட்டர். ஒளி ஒரு மில்லி செகண்ட்ல போற தூரமும் ஏறக்குறைய அதே தான், தற்செயல், ஆனா ஞாபகம் வெச்சுக்க வசதி.

தற்செயல்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, எனக்கு ரொம்பப் புடிச்சது. கல்லுக்கு_கல் சார் பாத்திருப்பார், பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட், ஒன் இன்ச் ஷீட்னு சொல்வாங்க, ஒரு மைல் நிலம் ஒரு இன்ச்ல. அதோட ஸ்கேல் 1:63,360, ஏன்னா ஒரு மைலுக்கு 63,360 இன்ச். இப்ப ஒளியாண்டை ஏயூவால வகுத்துப் பாருங்க, 63,241. ரெண்டுக்கும் வித்தியாசம் நூத்துக்கு கால் பங்கு கூட இல்ல!

இதுக்குப் பின்னாடி எந்தக் காரணமும் கெடையாது. பூமி சூரியன்ல இருந்து வேற தூரத்துல இருந்திருந்தாலோ மைல் வேற மாதிரி வந்திருந்தாலோ போச்சு. ஆனா இருக்குற வரைக்கும் லாபம். பூமிக்கும் சூரியனுக்கும் ஒரு இன்ச்னு வெச்சா ஒரு ஒளியாண்டு ஒரு மைல். நெப்டியூன் ரெண்டரை அடில இருக்கும். வாயேஜர் 1, 1977ல கெளம்புனது, சுமார் 14 அடி தாண்டிப் போயிருக்கு. பக்கத்து நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி 4.25 ஒளியாண்டு, அதனால நாலேகால் மைலுக்குக் கொஞ்சம் கம்மி. 34 பர்லாங். ரெண்டரை அடில நம்ம கிரகம் எல்லாம் முடிஞ்சு போச்சு, அடுத்த வீட்டுக்கு 34 பர்லாங் நடக்கணும். சார் உங்க பொண்ணுக்கு 10^14 எல்லாம் காட்டுறதுக்கு பதிலா இதைச் சொல்லுங்க, ஒரு ஸ்கேலை எடுத்து அவங்களே போட்டுப் பாப்பாங்க.

---

சென்ட்கணக்கு:

சொல்லிட்டேன், நெப்டியூன் வரைக்கும் தரையில சாக்பீஸ்ல போட்டாச்சு 😀 அவளுக்கு அடுத்த கேள்வி வந்துடுச்சு, எனக்கும் தான். செயினை தரையில இழுக்கலாம், சரி. சூரியனுக்கு யார் செயின் இழுத்தா? தரையில அளந்த அடியில இருந்து எப்படி ஏயூவுக்குப் போனாங்க? சும்மா ஃபார்முலா வேணாம், கதையா சொன்னா தேவலை.

---

கல்லுக்கு_கல்:

அதே முக்கோணம் தான் தம்பி. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற கல்லுக்கு யாரும் செயின் இழுக்க மாட்டோம். இந்தப் பக்கம் ரெண்டு புள்ளிக்கு நடுவுல அளந்துட்டு ரெண்டுல இருந்தும் கோணம் எடுப்போம், மிச்சம் கணக்கு. சூரியனுக்கும் அதே வேலை.

உனக்கு ஒரு எண் தர்றேன், 206265. இது சர்வேயருக்கு மனப்பாடம். ஒரு ரேடியன்ல எத்தனை செகண்ட் கோணம் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு)ங்கிறது. தியோடலைட்ல (கோணம் அளக்குற கருவி) ஒரு செகண்ட் பெசகுனா கல்லு எவ்ளோ தள்ளிப் போகும்னு பாக்கணுமா, தூரத்தை இதால வகு, முடிஞ்சது. ஒரு கிலோமீட்டர்ல ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மேல விண்மீன் தம்பி பார்செக் எத்தனை ஏயூன்னு ஒரு எண் போட்டிருக்கார், ஏறிப் போய் பாரு. அதே எண் தான். நாங்க ரெண்டு மீட்டர் சப்டென்ஸ் பாரை எதிர்ல நட்டு வெச்சு, அது எவ்ளோ கோணத்துல தெரியுதுன்னு பாத்து தூரம் சொல்வோம். அவங்க பாருக்கு பதிலா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தையே நட்டு வெச்சுட்டாங்க, அது ஒரு செகண்ட் கோணத்துல தெரியுற தூரம் ஒரு பார்செக். உன் 66 அடி செயினே ஒரு செகண்டா தெரியணும்னா 4149 கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்னு பாக்கணும்.

---

பழங்கதை_பிரியன்:

கதை கேட்டதால உள்ள வர்றேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த 66 அடி செயினே ஒரு வானியல்காரர் செஞ்சது. எட்மண்ட் குந்தர், லண்டன் கிரெஷாம் கல்லூரில வானியல் பேராசிரியர், 1620ல கொண்டு வந்தார். நிலம் அளக்குற ஆள் இல்ல, ஆனா நிலம் அளக்குறவன் கணக்குல திணறாம இருக்கணும்னு ஏக்கரோட ஒத்துப் போற மாதிரி நீளத்தைப் புடிச்சு அதை நூறா பிரிச்சார்.

அப்புறம் வெள்ளி சூரியனைக் கடக்குற நிகழ்ச்சி. சூரிய வட்டத்து மேல வெள்ளி ஒரு கரும்புள்ளியா ஊர்ந்து போகும், பூமில ரொம்ப தள்ளித் தள்ளி இருக்குற ரெண்டு எடத்துல இருந்து பாத்தா அந்த புள்ளி போற பாதை கொஞ்சம் மாறித் தெரியும், ஆரம்பிக்குற முடியுற நேரமும் மாறும். பூமில அந்த ரெண்டு எடத்துக்கும் நடுவுல உள்ள தூரம் தெரிஞ்சா, சார் சொன்ன ஆத்தங்கரை கணக்கு தான், சூரியனோட தூரம் வந்துடும். ஆனா கவனிங்க, அதுக்கு பூமியோட அளவு தெரிஞ்சிருக்கணும், பூமியோட அளவு தெரியணும்னா தரையில கோல் வெச்சோ செயின் இழுத்தோ ஒருத்தன் அளந்திருக்கணும். அதனால ஏயூவோட அடில தோண்டுனா ஏதோ ஒரு வயல்ல கிடந்த அளவுகோல் தான் கெடைக்கும்.

1761 ஜூன் 6ம் தேதி கடப்பைப் பாக்க இங்கிலாந்துல இருந்து சார்லஸ் மேசன், ஜெரமையா டிக்ஸன்னு ரெண்டு பேரை சுமத்ராவுக்கு அனுப்புனாங்க. கப்பல் கெளம்புன உடனே பிரெஞ்சுக்காரன் சுட்டுட்டான், திரும்பி வந்து மறுபடி போனதுல நேரம் பத்தல, நன்னம்பிக்கை முனைல எறங்கி அங்கயே பாத்துட்டாங்க. நல்ல ரீடிங் கெடச்சது. அதே ரெண்டு பேரைத் தான் 1763ல அமெரிக்காவுக்கு எல்லைத் தகராறு தீக்கக் கூப்பிட்டாங்க, பென்சில்வேனியாவுக்கும் மேரிலாண்டுக்கும் நடுவுல 1767 வரைக்கும் காடு மேடுல செயின் இழுத்து கோடு போட்டாங்க, அந்தக் கோட்டுக்கு இன்னைக்கும் அவங்க பேர் தான். சூரியனோட தூரமும் பக்கத்துக் காட்டு வேலியும் ஒரே ஆள் கைல. இந்த திரெட்டுக்கு இவங்களை விடப் பொருத்தமான ஆள் கெடையாது.

நம்ம பக்கம் கதை சோகம். லெ ஜான்டி, பிரெஞ்சு வானியல்காரர், அதே 1761 கடப்பைப் பாக்க பாண்டிச்சேரிக்கு வந்தார். வர்றதுக்குள்ள ஊரை இங்கிலீஷ்காரன் புடிச்சுட்டான், எறங்க முடியல, ஆடுற கப்பல்ல இருந்து பாத்தது கணக்குக்கு உதவல. அடுத்தது எட்டு வருஷம் கழிச்சு, ஊருக்குத் திரும்பாம இந்தப் பக்கமே சுத்திட்டு 1769ல பாண்டிச்சேரில கருவியெல்லாம் நட்டு ரெடியா உக்காந்தார். ஜூன் 4 காலைல மேகம் மூடிடுச்சு. ஊருக்குப் போனா செத்துட்டார்னு முடிவு பண்ணி சொத்தையே பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1874 கடப்பு அப்போ மெட்ராஸ் அப்சர்வேட்டரில இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இது என்ன ஏதுன்னு ஜனங்களுக்கு விளக்கி முன்கூட்டியே சின்னதா ஒரு புத்தகம் போட்டார், அது தனிக் கதை.

நட்சத்திரத்துக்கு முக்கோணம் போட்டவங்களும் சர்வேகாரங்க தான். ஸ்ட்ரூவே 1837ல வேகா நட்சத்திரத்துக்கு விடை சொன்னார், அவர் தான் நார்வேல இருந்து கருங்கடல் வரைக்கும் சுமார் 2800 கிலோமீட்டருக்கு முக்கோணம் அடுக்குன சர்வேயை நடத்துனவர், 1816ல ஆரம்பிச்சு 1855ல முடிஞ்சது. 1838ல பெஸ்ஸல் 61 சிக்னி நட்சத்திரத்துக்கு சொன்னார், பூமியோட வடிவத்துக்கு அவர் போட்ட அளவு ரொம்ப காலம் மேப்புக்குப் பயன்பட்டுச்சு. ஒருத்தர் கூட "நான் வானம் மட்டும்"னு உக்காந்துக்கல.

---

நேரடியா:

எல்லாம் சரிங்க, ஒளியாண்டை செயின்ல சொல்லி யாருக்கு என்ன லாபம்? மீட்டர்ல வெச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சு. வீண் வேலை.

---

டல்லாஸ்_ஜிஐஎஸ்:

@நேரடியா லாபம் எதுவும் வேணாம் ப்ரோ, ஆனா ஒரு கன்வெர்ஷன் டேபிள் ஒழுங்கா இருக்கான்னு சோதிக்க இந்த மாதிரி கிறுக்குத்தனமான பெரிய எண் போட்டுப் பாக்குறது நல்ல வழி. சின்ன எண்ல ஒளிஞ்சிருக்குற தப்பு பெருசுல வெளில வந்து நிக்கும். இவர் கண்டுபுடிச்சதும் அப்படித் தானே.

சென்ட்கணக்கு சார், ஷீட்டுக்கு: ஒரு யூனிட்ல இருந்து இன்னொண்ணுக்கு நேரா ஃபேக்டர் போடாதீங்க, எல்லாத்துக்கும் "இது எத்தனை மீட்டர்"னு ஒரே ஒரு காலம் வெச்சு எப்பவும் மீட்டர் வழியா போங்க. லிங்க் 0.201168, செயின் 20.1168, பர்லாங் 201.168, மைல் 1609.344. பேர்லயே "செயின் 66 அடி, சர்வதேச"ன்னு முழுசா எழுதிடுங்க, மெட்ரிக் செயினுக்கு தனி வரி. எக்செல் 15 இலக்கம் தான் வெச்சுக்கும், ஒளியாண்டு மீட்டர்ல 16 இலக்கம், ஆனா கடைசி ரெண்டும் சைபர்ங்கிறதால தப்பிச்சீங்க. விடையை ஆறு இலக்கத்துக்கு மேல காட்டணும்னா எந்த அடின்னு பக்கத்துல சொல்லியே ஆகணும்.

---

சென்ட்கணக்கு:

மெட்ரிக் செயின் தனி வரி போட்டாச்சு, ஏற்கனவே இருந்த செயின் வரிக்கும் முழுப் பேர் வெச்சுட்டேன். கல்லுக்கு_கல் ஐயா சொன்ன அந்த 500 சதுர அடி விஷயம் தான் எனக்கு நெஜமான பயம், பழைய ஃபைல் சிலதை எடுத்து எந்த லிங்க்னு திரும்பப் பாக்கப் போறேன். பார்செக்குக்கு மட்டும் ஒரு செகண்ட் கோணத்தோட டேன் மதிப்பு எடுத்து ஏயூவை வகுத்துப் போட்டேன், சரி தானே?

---

விண்மீன்_விசிறி:

பழைய பாடப்புத்தகத்துல அப்படித் தான் இருக்கும் சார், ஆனா இப்ப உள்ள வரையறைல டேன் கெடையாது, 648000 வகுத்தல் பை, பெருக்கல் ஏயூ. டேன் போட்டா ஒரு பார்செக்குக்கு 240 கிலோமீட்டர் சொச்சம் கொறையும், சுமார் 12 ஆயிரம் செயின். எக்செல்ல பன்னெண்டாவது இலக்கத்துல தான் தெரியும், இருந்தாலும் மாத்திடுங்க, இல்லேன்னா அதுக்கு ஒரு திரெட் போடுவீங்க.